பனிமலையில் முதல் கால்

யாங்கோன் நகரத்து லான்மடாவ் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஒன்பதாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது என்ற செய்தி, கார்த்திகேசனுக்கு ஒரு பங்குனிக் காலையில்தான் தெரியவந்தது. பிறந்தது முதல் அவர் அங்கேதான் குடியிருக்கிறார். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் சாக்கடை வழியாக ஏறிவந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்வதைப் பார்த்து வளர்ந்தவர். இருந்தாலும், பழைய அரிசிக் கிடங்கின் முகப்பில் அதைப் பித்தளைத் தகட்டில் வெட்டி, நாலு மூலையிலும் திருகாணி முடுக்கி வைத்திருந்தார்கள். பபேடான் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் அவருக்கு, பித்தளையைச் சந்தேகப்பட்டுப் பழக்கமில்லை.

தகட்டின் கீழே காவல்காரன் கம்பளித் தொப்பியும், கழுத்துக் குட்டையும், முழங்காலைத் தொடும் மேலங்கியுமாக நின்றான். அவன் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. தெருவில் தார் இளகி ரிக்‌ஷாச் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

குளிர் உடுப்பு இல்லாதவர்கள் பனிமலை நகரத்துக்குள் நுழைய முடியாது என்று அவன் பர்மிய மொழியில் மரியாதையாகச் சொன்னான். உள்ளே வாடகைக்குக் கிடைக்கும் என்றும் சொன்னான். கார்த்திகேசன் தன் வெள்ளை வேட்டிக்கு மேல், யாரோ முன்பு வியர்த்துக் காய்ந்த ஒரு மேலங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

பனிமலை நகர வாரியத்தைப் பற்றி வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. நாட்டின் வடகோடியில், பனி விழும் மலைகளுக்கு நடுவே, பனிச்சறுக்கு நகரம் ஒன்று வரப்போகிறது. ஹோட்டல்கள், கம்பியில் தொங்கிப் போகும் வண்டிகள், வெளிநாட்டார் சறுக்கி விளையாடும் சரிவுகள் எல்லாம் வரும். அந்த மலைக்குப் போகச் சாலை மட்டும் இன்னும் இல்லை. சாலை வரும்வரை நகரம் சும்மா இருக்க முடியாது என்பதால், யாங்கோனில் உள்ள தலைமை அலுவலகத்தையே நகரத்தின் ஒரு பகுதியாக வாரியம் அறிவித்துவிட்டது. நகரத்தின் ஒரு பகுதி என்றால் நகரத்தின் உயரமும் அதற்கு உண்டு. கிடங்குக்குள் மரச்சட்டம் அடித்து ஒரு சரிவு கட்டினார்கள். பனி செய்யும் இயந்திரம் கப்பலில் வந்தது. அது ஓடுவதற்காக வட்டாரத்துக்கு வரும் மின்சாரத்தைக் கிடங்கின் பக்கம் திருப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து லான்மடாவ் வீடுகளில் விசிறி சுற்றுவதில்லை. மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. எல்லா வீட்டுக் கூடத்திலும் த்வாண்டே ஊரில் செய்த மண் அடுப்பு ஒன்று வந்து உட்கார்ந்து, கரியைத் தின்று புகையைக் கக்கிக்கொண்டிருந்தது.

அதையெல்லாம் கார்த்திகேசன் பொறுத்துக்கொண்டார். இருட்டில் சாப்பிடுவதால் ஒரு குடும்பத்தின் பெயர் கெடுவதில்லை. அவரைக் கிளப்பியது, அம்மன் கோவில் கதவில் முந்தின நாள் ஒட்டப்பட்ட அறிவிப்பு. வாரியத்தைச் சுற்றிக் குளிர் வளையம் போடப்பட்டிருக்கிறதாம். வளையத்துக்குள் இனிச் சடங்கு நெருப்பு கூடாதாம். ஆகவே இந்த வருஷம் பூக்குழிக்குப் பதில் பனிக்குழி. பக்தர்கள் வாரியத்தின் சரிவில் இறங்கித் தங்கள் நேர்த்திக்கடனைக் குளிர்ச்சியாகச் செலுத்தலாம்.

கார்த்திகேசனின் முப்பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த கூட்டத்தில் ஒருவர். இந்தக் கோவிலில் முதல் பூக்குழியை வெட்டியவர் அவர். அன்றிலிருந்து, கரகத்தைத் தலையில் ஏந்திக்கொண்டு கங்குக்குள் முதல் கால் வைப்பது அந்தக் குடும்பத்தின் மூத்த ஆண்பிள்ளைதான். ஊரில் குண்டு விழுந்த வருஷமும் வைத்தார்கள். பாதி ஜனம் கப்பலேறிப் போன வருஷமும் வைத்தார்கள். குழிக்குள் தடுக்கி விழுந்தவர் என்று அந்த வம்சத்தில் ஒருவர்கூட இல்லை. ஒரே ஒரு வருஷம் கால் வைக்கத் தவறினால் போதும், முறை அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அடுத்த குடும்பம் கார்த்திகேசனின் மனைவி ரத்தினம்மாளின் பிறந்த வீடு. அந்த வீட்டின் இன்றைய தலை அவளுடைய தம்பி தேவராஜ். தேவராஜ் இப்போது பனிமலை நகர வாரியத்தின் கலாசார உறுப்பினர்.

தேவராஜின் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. முதல் மாடித் திருப்பத்திலேயே ஒரு பெண் கையை நீட்டித் தடுத்தாள். பக்கத்துத் தெரு விஜயகுமாரி. வாரியத்தில் வரவேற்பு வேலை அவளுக்கு. கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்திருந்தது.

"மாமா, இங்க செத்த உக்காரணும்."

"எதுக்கு?"

"உயரப் பழக்கம். மலையில ஒரேடியா ஏறுனா மூச்சடைச்சுப் போகும். மாடிக்கு மாடி உக்காந்துதான் போகணும். ரூல்."

"இது மாடிப்படி பிள்ள. நான் எங்க வீட்டு ஆறாவது மாடிக்குக் கேன்ல தண்ணி சொமக்கிறேன், ஒங்க புண்ணியத்துல."

"அது வீடு மாமா. இது மலை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உக்காருங்க. மேல கண்ணாடி வழியா பாத்துக்கிட்டிருப்பாங்க. நீங்க உக்காரலேன்னா என்னைய இன்னொரு கோட்டு போடச் சொல்லுவாங்க. இப்பவே ரெண்டு போட்டிருக்கேன்."

கார்த்திகேசன் உட்கார்ந்தார். பிறத்தியார் பிள்ளைக்காக உட்காரலாம், தப்பில்லை. இரண்டாம் மாடியிலும் உட்கார்ந்தார். அங்கே இன்னும் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிறப்புச் சான்றிதழில் பிழை திருத்த வந்தவராம், கட்டடம் மாறி வந்துவிட்டார். அதைச் சொல்லித் திரும்பிப் போக அவர் முயன்றபோது, இறங்குவதற்கும் உயரப் பழக்கம் வேண்டும் என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

தேவராஜ் எழுந்து நின்று வரவேற்றார். கரடித்தோல் போன்ற மேலங்கிக்குள் அவர் பாதியாகத் தெரிந்தார்.

"வாங்க அத்தான். அக்கா சௌக்கியமா?"

"இருட்டுல இருக்கா. கோவில் கதவுல என்ன ஒட்டியிருக்கீங்க?"

"கோவப்படாம கேளுங்க. நானே வாரியத்துல வாதாடி வாங்கின சலுகை அது. மொதல்ல திருவிழாவே கூடாதுன்னாங்க. நாந்தான் சொன்னேன், எங்க ஜனங்க எதையாவது மிதிக்காம விடாது, மிதிக்கிறதக் கொடுத்துருங்கன்னு."

"நெருப்பு மிதிக்கிறது தேவராஜ்."

"கடைசியில பால்குழியில எறங்குறோமா இல்லியா? கால் குளிரணும்னுதானே? ஆகக் குளிர்ச்சிங்கிறது நம்ம சாஸ்திரத்துலயே இருக்கு. வாரியம் புதுசா ஒண்ணும் செய்யல. குளிர்ச்சிய முன்னுக்குக் கொண்டு வந்து, நெருப்பக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருக்கு."

"எவ்வளவு பின்னுக்கு?"

"கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு."

தன் மாமனார் காலமாகிவிட்டதற்காகக் கார்த்திகேசன் முதன்முறையாக நிம்மதி அடைந்தார். அந்த மனிதர் கங்கில் இரண்டாவதாகக் கால் வைத்து, கரையேறியதும் மருமகனின் பாதத்தைத் திருப்பிப் பார்த்து மஞ்சள் பூசிவிட்டவர்.

"சரி. முதல் கால் யாரோடது?"

"ஒங்களோடதுதான். யாரும் மறுக்கல." தேவராஜ் மேசை மேல் இல்லாத தூசியைத் தட்டினார். "ஆனா சரிவுல எறங்குறவங்க எல்லாரும் பயிற்சி எடுத்திருக்கணும். சின்னப் பயிற்சி. ஒரே ஒரு பாடம்."

அந்த ஒரே பாடம் கீழ்த்தளத்தில் நடந்துகொண்டிருந்தது. பனிச்சறுக்கில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது விழுவது. உலகெங்கும் அப்படித்தானாம். ஒழுங்காக விழத் தெரிந்தவனுக்கே சறுக்க உரிமை. இதுவரை வாரியம் நியாயமாகத்தான் நடந்திருந்தது. அதற்கு மேல் அது செய்த ஒரு சிறு திருத்தம் என்னவென்றால், விழும் திசையை நிர்ணயித்தது. சுவரில் வாரியத் தலைவரின் ஆள் உயரப் படம் மாட்டியிருந்தது. படத்தின் காலடியில் மெத்தை போட்டிருந்தது. கையில் ஊதுகுழலுடன் விழுதல் ஆசிரியர் நின்றார். வரிசையாக வந்தவர்கள் படத்தைப் பார்த்துக் கைகூப்பி, முட்டி மடக்கி, முகம் குப்புற விழுந்தார்கள். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் உரக்க மதிப்பெண் சொன்னார்.

வங்கி மேலாளர் ஒருவர் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினார். கலாசார உறுப்பினர்களுக்கு வாரம் ஒருமுறை மறுபயிற்சி உண்டு என்பதால் தேவராஜும் போய் ஒருதரம் விழுந்து காட்டினார். முழு மதிப்பெண். எழுந்து மேலங்கியைத் தட்டிக்கொண்டே, "பழகிட்டா ஒண்ணுமில்ல அத்தான்" என்றார்.

"சறுக்குறது எப்ப?" என்று கேட்டார் கார்த்திகேசன்.

அது இரண்டாம் கட்டம் என்றார் ஆசிரியர். இரண்டாம் கட்டத்துக்கு இதுவரை தேறியவர் தலைவர் ஒருவர்தான். அவர் விழவேண்டிய அவசியம் இல்லாததால் நேராகத் தேறிவிட்டார்.

"விழுங்க பெரியவரே."

கார்த்திகேசன் படத்தைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். அது நடுவில் குழிந்து, பலர் முகம் பட்டு அழுக்கேறியிருந்தது. அவர் வம்சத்தில் ஆண்கள் விழுவது ஒரே இடத்தில்தான், அம்மன் சந்நிதிக் கல் தரையில். பெற்ற தகப்பன் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள், குனிந்து. அவ்வளவுதான். வாடகை மேலங்கியைக் கழற்றி, நான்காக மடித்து, மெத்தையின் மேல் வைத்தார். வெளியே வந்துவிட்டார். கீழ்த்தளத்துக்கும் தெருவுக்கும் நடுவில் எந்த மாடியும் இல்லாததால் அவரை யாரும் உட்காரவைக்க முடியவில்லை.

விழாவுக்கு எட்டு நாள் முன்பு கோவிலில் காப்புக் கட்டினார்கள். பூசாரி கார்த்திகேசனின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். "எந்தக் குழிக்குக் கட்டுறேன்னு எனக்கே தெரியலீங்க" என்றார்.

"அம்மனுக்குக் கட்டுங்க. குழியப் பிறகு பாப்போம்."

காப்புக் கட்டினால் விரதம். கவுச்சி கிட்டே வரக்கூடாது. மீன் வாடை பட்ட பாத்திரம்கூட ஆகாது. ரத்தினம்மாள் வீட்டையே கழுவித் தள்ளினாள். எதிர் வீட்டு நூர் பீவி தன் வீட்டில் மீன் குழம்பு வைப்பதை நிறுத்திக்கொண்டாள், வழக்கம்போல. "எங்க பிள்ளைக மொகத்தச் சுளிக்குதுக, ரத்தினம்" என்று மட்டும் படியில் நின்று சொன்னாள். "பருப்பும் கத்தரிக்காயும் இன்னும் எத்தன நாளைக்கும்மான்னு கேக்குதுக. ஒங்க வீட்டுக்காரர் குழி எறங்குற வரைக்கும்னு சொன்னேன். குழியே இல்லியாமேன்னு திருப்பிக் கேக்குதுக."

ரத்தினம்மாளுக்கு ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் புருஷன். ராத்திரிச் சாப்பாட்டின்போது அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்:

"ஒருதரம் விழுந்துட்டாத்தான் என்னங்க? வெறும் படம்தானே."

கார்த்திகேசன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். மண் அடுப்பின் வெளிச்சத்தில் அவள் முகம் வியர்த்து மின்னியது. அவள் அதை மனதாரக் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியும். கேட்கவேண்டிய கடமைக்குக் கேட்டாள்.

"ஒங்கப்பா விழுந்திருப்பாரா?"

அவள் அடுப்பைக் கிண்டினாள். "அவர் படத்தக் கழட்டி அடுப்புல வெச்சிருப்பார்" என்றாள்.

விழாவன்று சாயங்காலம், வாரியத்தின் பெரிய கதவுகள் திறந்தன. அம்மன் கோவில் வாசலிலிருந்து கிடங்கு வாசல் இருபது முப்பது எட்டு தூரம். மேளம் முன்னே போக, வேப்பிலை கட்டிய மஞ்சள் சேலைக்காரர்கள் பின்னே வர, கரகத்தைத் தலையில் ஏந்திக் கார்த்திகேசன் நடுவில் நடந்தார். வட்டாரமே தெருவில் நின்றது. காவல்காரன் எல்லோருக்கும் மேலங்கி நீட்டினான். ஒருவரும் வாங்கவில்லை.

உள்ளே முதலில் தலைவர் பேசினார். அவருக்குப் பின்னால் தேவராஜ் நின்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்தார்.

"நம் நாட்டில் பனி காலங்காலமாக விழுகிறது. ஆனால் யாருடைய அனுமதியும் பெறாமல் விழுந்துகொண்டிருந்தது. இனிமேல் வாரியத்தின் மேற்பார்வையில் விழும். நான் வெளிநாட்டில் ஒரு பனிச்சறுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மலையும் மரமும் நன்றாகவே இருந்தன. ஆனால் என்னைப் பார்த்து ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லை. எல்லோரும் சறுக்கிக்கொண்டே என்னைக் கடந்து போனார்கள். சிலர் சிரித்துக்கொண்டே போனார்கள். அன்று இரவே முடிவு செய்தேன், ஒழுங்கான ஒரு பனிச்சறுக்கு நகரம் உலகத்துக்குத் தேவை என்று. சிலர் மின்சாரம் இல்லை என்று குறைபடுகிறார்கள். மலை வாழ்க்கைக்கு இரண்டு பாதிகள் உண்டு. இருட்டு ஒன்று, குளிர் ஒன்று. இருட்டை நாங்கள் தயங்காமல் மக்களுக்கே கொடுத்துவிட்டோம். குளிரை மட்டும் அவர்களுக்காக நாங்கள் வைத்துக் காப்பாற்றுகிறோம். மக்கள் வந்து குளிரைப் பார்க்கலாம். இன்று மிதிக்கவும் செய்யலாம். இதைவிட ஒரு வாரியம் என்ன செய்ய முடியும்?"

இதைவிட என்ன செய்ய முடியும் என்று கூட்டம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கைதட்டுவதற்காக நியமிக்கப்பட்டவர்கள் கைதட்டினார்கள்.

திரை விலகியது. வெள்ளையாகச் சரிவு தெரிந்தது. குளிர் காற்று வந்து முகத்தில் அடித்தது. கூடவே ஒரு வாடையும் அடித்தது.

கரகத்தின் கீழ் கார்த்திகேசனின் மூக்கு விரிந்தது. தலையை அசைக்க முடியாது. கண்ணை மட்டும் தாழ்த்தினார். சரிவின் அடிவாரத்தில், பொடியாக நொறுக்கிப் பரப்பிய பனிக்கட்டிக்கு நடுவில், ஒரு இறால் மீசையோடு கிடந்தது. அதற்கப்பால் செதில்கள், மின்விளக்கின் ஒளியில், நட்சத்திரங்களைப் போல மின்னின. பனி இயந்திரம் வந்த மாதமே படுத்துவிட்டது என்பதும், அன்றிலிருந்து மீன்துறையில் மீன் இறக்கியதும் மிச்சமாகும் ஐஸ்தான் லாரியில் வருகிறது என்பதும், வட்டாரத்துக்கு அந்த நிமிஷம் விளங்கியது. இயந்திரம் ஓடாவிட்டாலும் அதன் மரியாதைக்காக மின்சாரம் மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"தேவராஜ்," என்றார் கார்த்திகேசன், உதடு அசையாமல். "இது மீன் ஐஸ்."

"சத்தமாச் சொல்லாதீங்க அத்தான். மீன எல்லாம் எடுத்தாச்சு."

"காப்புக் கட்டியிருக்கேன்."

"ஐஸ்ல மீன் இல்ல. மீன்லதான் ஐஸ் இருந்துச்சு. அம்மனுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா?" தேவராஜின் கண் தலைவர் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியது. "மொதல்ல விழுங்க. கரகத்த நான் புடிச்சுக்கிறேன். விழுந்து எந்திரிச்சுக் கால வைங்க, முடிஞ்சுபோகும். இல்லேன்னா முறைப்படி நான் வெக்கவேண்டி வரும். அப்புறம் என்னையக் குறை சொல்லக்கூடாது."

விழுதல் ஆசிரியர் ஊதுகுழலைத் தூக்கினார். "கரகக்காரர் விழலாம்."

கார்த்திகேசன் நின்றார்.

"கரகக்காரர் தலைவரின் திசையில் விழலாம்."

மேளம் நின்றுவிட்டது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் பெண்கள் வரிசையில் ரத்தினம்மாள் தம்பியைப் பார்த்தாள். அவன் கைகள் கரகத்தை வாங்குவதற்குத் தயாராக நீண்டிருந்தன. புருஷனைப் பார்த்தாள். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் திரும்பி வெளியே போய்விட்டாள்.

பார்க்கச் சகிக்காமல் போகிறாள் என்று கார்த்திகேசன் நினைத்தார். போகட்டும். விழவும் முடியாது, மிதிக்கவும் முடியாது. இப்படியே விடியும்வரை நின்றால், முறை கைமாறிய இடத்தில் நின்றவன் என்றாவது பேர் இருக்கும். தகப்பனார் முகம் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. தன் இடத்தில் இருந்திருந்தால் அவரும் இப்படித்தான் நின்றிருப்பார்.

வெளியே ஒரு சலசலப்பு கேட்டது. ரத்தினம்மாள் தெருவில் வந்துகொண்டிருந்தாள். ஈரத் துணியால் இரண்டு பக்கமும் பிடித்து, தன் வீட்டு மண் அடுப்பையே தூக்கிக்கொண்டு வந்தாள். கோவில் வாசலுக்கு நேரே, தார் ரோட்டில், அதைக் குனிந்து கவிழ்த்தாள். கங்கு சிவந்து சிதறியது.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். கூட்டத்துக்கு மத்தியில் புருஷனை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "குழி இங்க இருக்கு. திரும்புங்க."

ஒரு அடுப்புக் கங்கு ஒரு முழத்துக்குக்கூடக் காணாது. நூர் பீவி ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு படியேறினாள். அவள் அடுப்பு வந்தது. அரைவேக்காட்டுப் பருப்புச் சட்டியை அவள் மகள் பின்னால் சுமந்து வந்தாள். டீக்கடை ரஹ்மத்துல்லா பெரிய அடுப்பை இரண்டு பேராகத் தூக்கிவந்து கொட்டினார். மேல் மாடிகளிலிருந்து சீனர் வீட்டு அடுப்பும், பர்மியர் வீட்டு அடுப்பும், தெலுங்கர் வீட்டு அடுப்பும் இறங்கின. வட்டாரத்தில் அந்த நேரம் அடுப்பு எரியாத வீடு இல்லை. மின்சாரம் இருந்திருந்தால் இத்தனை கங்கு கிடைத்திருக்காது. வேப்பங்கொத்தால் பூசாரி அதை நிரவியபோது, கோவில் வாசலிலிருந்து கிடங்கு வாசல்வரை தெரு சிவப்பாகக் கிடந்தது. அந்த முனையில் ரஹ்மத்துல்லா ஒரு அலுமினியத் தட்டை வைத்து, டீக்கு வைத்திருந்த டப்பாப் பாலைக் கரைத்து ஊற்றினார்.

"சர்க்கர போட்ட பாலு, கார்த்தியண்ணே. ஒட்டும். கோவிச்சுக்காதீங்க."

தலைவர் வாசலுக்கு வந்துவிட்டார். அனல் அவருடைய கம்பளித் தொப்பியைத் தொட்டது. வளையத்துக்குள் நெருப்பு கூடாது என்று அவர் கத்தினார். விதியைப் படிக்கும்படி விஜயகுமாரியிடம் சொன்னார். விஜயகுமாரி இரண்டு மேலங்கிகளோடு முன்னால் வந்து, தெளிவான குரலில் படித்தாள். குளிர் வளையத்துக்குள் எவ்வித நெருப்பும் தடைசெய்யப்படுகிறது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னும் தெளிவாகப் படித்தாள். மின்சாரம் இல்லாத காரணத்தால் மக்கள் வைத்திருக்கும் சமையல் அடுப்பு நெருப்பு நீங்கலாக.

"இது யார் நெருப்பு?" என்று தலைவர் தெருவைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க வீட்டு அடுப்புங்க சயா," என்றாள் நூர் பீவி, பர்மிய மரியாதையோடு. "பருப்பு இன்னும் வேகல."

கார்த்திகேசன் திரும்பி, தெரு ஓரமாகவே நடந்தார். கோவில் வாசலில் நின்றார். சந்நிதியைப் பார்த்துக் கல் தரையில் கரகம் அசையாமல் முட்டி மடக்கினார், எழுந்தார். பிறகு, எந்தப் பயிற்சியும் பெறாத அந்த வலது காலை எடுத்துக் கங்கில் வைத்தார். ஓடவில்லை. அவர் குடும்பத்தில் ஓடுகிற வழக்கமில்லை. முதுகு வளையாமல், எதிரே நின்ற தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நடக்க நடக்கத் தலைவர் பின்வாங்கினார். பாலில் கால் வைத்தபோது தலைவர் கிடங்குக்குள்ளே வெகுதூரம் போயிருந்தார். அங்கே, அனல் நுழைந்து, பனிமலை நகரம் உருகிக் கால்வாயை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தது. வட்டாரத்துப் பூனைகள் ஒவ்வொன்றாக வந்து, உயரப் பழக்கம் இல்லாமலேயே சரிவில் ஏறின.

தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது அணைப்பதற்கு ஒன்றுமில்லை. மிதித்து முடித்த கங்கை அவரவர் அடுப்பில் அவரவர் அள்ளிக்கொண்டு போய், உலை வைத்திருந்தார்கள். வண்டிக்காரர்கள் வந்ததற்குத் தார் ரோட்டை நனைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வாரியத்தின் அறிக்கை வந்தது. பனிமலை நகரத்தின் முதல் கோடை விழா தலைவரின் முன்னிலையில் சிறப்பாக நடந்தேறியது. தலைவரின் யோசனைப்படி அமைக்கப்பட்ட நெருப்புப் பாதையில் மக்கள் மகிழ்ச்சியோடு நடந்தார்கள். முதல் காலைத் தலைவரே எடுத்து வைத்தார். மின்சாரத்தைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை. வட்டாரத்துக்கும் மின்சாரம் வரவில்லை.

அன்று பொழுது சாயும் நேரம் தேவராஜ் வந்தார். ஆறு மாடி ஏறி, வாசலில் நின்றார். மேலங்கி போட்டிருந்தார்.

"உள்ள வா தம்பி," என்றாள் ரத்தினம்மாள். "அதக் கழட்டிட்டு வா. பாக்கவே அவியுது."

"கழட்டக்கூடாதுக்கா. வட்டாரம் முழுக்க நகரத்துல சேத்தாச்சு, நேத்துலேர்ந்து." அவர் கார்த்திகேசனைப் பார்க்காமல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அத்தான், தலைவர் பெரிய மனசு பண்ணியிருக்கார். அறிக்கையைத் திருத்திடலாம்கிறார். முதல் கால் ஒங்களோடதுதான்னு போட்டுடலாமாம். இனிமே வருஷா வருஷம் முறை ஒங்க குடும்பத்துக்கேன்னு வாரியமே எழுதிக் கொடுக்குமாம்."

"எங்க முறைய எங்களுக்கு அவர் எழுதிக் கொடுக்கிறாரா?"

"ஒரே ஒரு பாக்கி இருக்கு. அந்தப் பாடம். ஒருதரம் விழுந்துட்டீங்கன்னா சரியாப்போகும். ஆபீசுக்குக்கூட வரவேணாம். படத்தக் கொண்டாந்திருக்கேன்." அவர் மேலங்கிக்குள்ளிருந்து ஒரு சிறிய படத்தை எடுத்துப் பாயில் சாய்த்து வைத்தார். "கதவச் சாத்திக்கலாம். அக்காவ அடுப்படிக்குப் போகச் சொல்லுங்க. நான்கூடத் திரும்பிக்கிறேன். யாரும் பாக்க மாட்டாங்க அத்தான்."

"நான் பாப்பேன்," என்றார் கார்த்திகேசன்.

தேவராஜ் தன் மணிக்கட்டிலும் கட்டியிருந்த காப்பை மேலங்கியின் கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார். பிறகு படத்தை எடுத்து உள்ளே செருகிக்கொண்டு எழுந்தார். ரத்தினம்மாள் அவருக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்தாள், அவள் புருஷன் ஆறு மாடி சுமந்து வந்த தண்ணீர். அவர் குடித்தார். வாசலைத் தாண்டிப் போனார்.

இருட்டுப் படிக்கட்டில் அவருடைய காலடிச் சத்தம் கொஞ்சதூரம் இறங்கி, ஐந்தாம் மாடியில் நின்றது. அங்கே அவரைப் பார்க்க ஒருவரும் இல்லை. கண்ணாடியும் இல்லை. இருந்தாலும் அவர் படியில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக மூச்சு வாங்குவது மேலே நன்றாகக் கேட்டது. பிறகு எழுந்து நாலாம் மாடிக்கு இறங்கினார். அங்கேயும் உட்கார்ந்தார்.